சௌந்தரவல்லியைத் தள்ளிவிட்டவர்

விளாங்குடியில் கேபிள் காசிமாயனைத் தெரியாது என்று ஒருவன் சொன்னால், அவன் நேற்றுத்தான் லாரியில் சட்டிபானையோடு வந்து இறங்கியிருக்க வேண்டும். திண்டுக்கல் ரோட்டுக்கு இந்தப் பக்கம் எந்த மொட்டைமாடியில் ஏறினாலும் அவர் இழுத்த ஒயர்தான் காலில் தட்டும். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்த மனுசன். ஏணி வாங்க வக்கில்லாத காலத்தில் சைக்கிள் கேரியரில் ஏறி நின்று, பல்லில் ஒயரைக் கவ்விக்கொண்டு, வீட்டுக்கு வீடு கட்டிவிட்டவர். இன்றைக்கு வீடு உண்டு, வீட்டுக்கு மேல் மாடி உண்டு, மாடிக்கு மேலும் ஒரு மாடி உண்டு. வாசலில் புல்லட்டு நிற்கிறது. இதெல்லாம் எவன் தயவிலும் வந்ததில்லை என்று கேட்டாலும் சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

ஆனால் ஒருத்தி தயவு இருந்தது. அவள் பெயர் சௌந்தரவல்லி. ‘சௌந்தரவல்லி இல்லம்’ என்ற நாடகத்தின் மாமியார்க்காரி.

கழுத்தில் காசுமாலை, இடுப்பில் சாவிக்கொத்து, நெற்றியில் எட்டணா அகலத்துக்குப் பொட்டு. அந்தப் பொம்பளை முதல் தடவை ஒன்பது மணிக்கு டிவியில் வந்து நின்ற காலத்தில்தான் விளாங்குடி முழுக்கக் கேபிள் கேட்டு அலைந்தது. புருசன்மார் வேண்டாம் என்றாலும் பொம்பளைகள் விடவில்லை. காசிமாயனின் முதல் மாடி அப்போது எழும்பியது. பிறகு காலம் மாறி, இளவட்டங்கள் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டன. மாடிக்கு மாடி டிஷ் ஆன்டெனா குடையாய் முளைத்தது. காசிமாயன் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்று ஊர் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அதே மாமியாரை நரைத்த தலையோடு மறுபடி கொண்டுவந்து புது சீசன் என்று போட்டார்கள். அறுந்துபோன இணைப்பெல்லாம் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது.

இத்தனைக்கும் அந்த நாடகத்தை ஒரு நாள்கூட அவர் பார்த்ததில்லை. “அல்வா கிண்டுறவன் அல்வா திங்கமாட்டான்” என்பார். ஆம்பளைக்கு அதெல்லாம் அழகில்லை என்பது அவர் கட்சி. ஒன்பது மணிக்கு அவர் மனைவி அழகம்மாளும் மருமகள் மீனாவும் டிவி முன்னால் உட்கார்ந்தால் இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவார்.

எல்லாம் இருந்தும் ஒரு குறை இருந்தது. ரெண்டு மாடி கட்டியும் ஊர் அவரைக் ‘கேபிளு’ என்றுதான் கூப்பிட்டது. மாநகராட்சி ஆபீசுக்குப் போனால் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன்கூட, “கேபிளா? அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க” என்பான். வாசலில் ‘மாமன்ற உறுப்பினர்’ என்று ஒரு போர்டு தொங்கினால் அந்தப் பையன் எழுந்து நாற்காலி போடுவானா மாட்டானா? அதற்காகத்தான் வார்டு தேர்தலில் நின்றார். கட்சிக்காரர்கள் எல்லாம் அவர் வீட்டு மட்டன் குழம்பை வழித்துத் தின்றுவிட்டு, “அண்ணனுக்கு அடுத்த தடவை” என்றார்கள். சரிதான் போங்கடா என்று சுயேச்சையாக இறங்கினார்.

கட்சிகள் நிறுத்திய ஆட்கள் பக்கத்து வார்டுக்காரர்கள். அவர்களை எவரும் சட்டை பண்ணவில்லை. நிஜமான போட்டி ஒரே ஆளோடுதான். இட்லி மாவுக்கடை தமிழ்ச்செல்வி. அவளும் சுயேச்சை. சின்னம் கொடுக்கும் நாளில் ரெண்டு பேருமே டிவிப் பெட்டி கேட்டார்கள். குலுக்கிப் போட்டதில் டிவிப் பெட்டி மாவுக்கடைக்கும் கத்தரிக்கோல் கேபிள்காரருக்கும் விழுந்தது. மாசக் காசு கொடுக்காதவன் ஒயரை வெட்டியே பழகிய ஆளுக்குக் கத்தரிக்கோல்! ஊர் சிரித்தது. காசிமாயன் மீசையைத் தடவிக்கொண்டார்.

பகலில் ஓட்டுக் கேட்டால் வீடுகள் பூட்டிக் கிடந்தன. சாயங்காலம் போனால் பொம்பளைகள் தண்ணிக் குழாயடியில் நின்றார்கள். எல்லோரும் சேர்ந்தாற்போல் வீட்டில் இருக்கும் நேரம் ஒன்பது மணி. காசிமாயன் மாலையும் துண்டுமாக, லைன்மேன் முத்திருளனைக் கூட்டிக்கொண்டு ஒன்பது மணிக்கு முதல் கதவைத் தட்டினார்.

“யாரு?” என்றது உள்ளே ஒரு குரல்.

“நான்தாம்மா, உங்க வேட்பாளர் காசிமாயன்.”

“விளம்பரத்துல வாங்கண்ணே!”

அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டில் பதிலே இல்லை. விளம்பரம் வரட்டும் என்று தெருவிலே நின்று பார்த்தார். விளம்பரம் வந்தது. ஒருத்தி அடுப்பை அணைக்கப் போனாள், ஒருத்தி பிள்ளையை ஒண்ணுக்குக் கூட்டிப் போனாள், கதவைத் திறக்க யாருக்கும் கை ஒழியவில்லை.

“ஏன்டா முத்திருளா, இந்தத் தமிழ்ச்செல்வி மட்டும் எப்பிடிடா ஓட்டுக் கேக்குறா?”

முத்திருளன் தலையைச் சொறிந்தான். இருபது வருசமாக அவரோடு கம்பம் ஏறுகிறவன், பொய் சொல்ல வராது. “அது எங்கண்ணே ஓட்டுக் கேக்குது? ஒம்பது மணிக்கு முன்னாடியே ஒரு வீட்டுக்குள்ள போயி உக்காந்துக்கிருது. நாடகம் முடியிற மட்டும் அவுகளோட சேந்து அழுகுது. முடிஞ்சதும் ‘போயிட்டு வாரேன் மதினி’ன்னு கெளம்பிருது. ஒரு நாளைக்கு ஒரு வீடு. அந்த வீட்டுப் பொம்பளைக மறுநாள் பத்து வீட்டுல போயிச் சொல்லுதுக.”

“அழுகுறதுக்கெல்லாமாடா ஓட்டு?”

“நீங்களும் உள்ள போயி உக்காரலாம்ல?”

“நானா? உக்காந்து அழுகவா? போடா!”

கொஞ்ச தூரம் போனவர் சட்டென்று நின்றார். மூளை என்றால் அது மூளை. வீட்டுக்குள் போக முடியாவிட்டால் என்ன, டிவிக்குள் போனால் போச்சு!

ஒயர் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. ஜவுளிக்கடை, பிரியாணிக்கடை விளம்பரமெல்லாம் நாடகத்துக்கு அடியில் பட்டையாக ஓட்டுவதுண்டு. சிம்மக்கல்லில் கன்ட்ரோல் ரூம் வைத்திருக்கும் முத்துக்குமரன் கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டினால் இந்தப் பக்கத்து டிவி எல்லாவற்றிலும் வந்து நிற்கும். காசிமாயன் மறுநாளே புல்லட்டை உதைத்துக்கொண்டு சிம்மக்கல்லுக்குப் போனார். கும்பிட்ட கையோடு எடுத்த வெள்ளைச்சட்டைப் படம், பக்கத்தில் கத்தரிக்கோல், ‘உங்கள் வீட்டுப் பிள்ளை’ என்ற வாசகம்.

“பட்டையா ஓட்டவாண்ணே?” என்றான் முத்துக்குமரன்.

“பட்டையில என் மூஞ்சி எலுமிச்சங்காயாட்டம் தெரியும். நல்லாப் பெருசா, கீழ இடது மூலையில நிப்பாட்டு.”

“எந்த நேரத்துலண்ணே?”

காலையில் அழகம்மாள் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. “இந்தா பாருங்க, வெள்ளிக்கிழமை சீசன் முடியுது. சௌந்தரவல்லியை மாடிப்படியில இருந்து தள்ளிவிட்டது யாருன்னு அன்னைக்குத்தான் சொல்லப் போறாங்க. கடைசிக் கால்மணி நேரம் கரண்டுகிரண்டு போச்சுன்னா உங்க பொண்டாட்டியே உங்களுக்கு ஓட்டுப் போட மாட்டா” என்றிருந்தாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஓட்டுப்பதிவுக்கு ஒரு வாரந்தான் இருந்தது. இதைவிட நல்ல முகூர்த்தம் கிடைக்குமா?

“வெள்ளிக்கிழமை. கடைசிக் கால்மணி நேரம். போட்டதுக்கப்புறம் எடுக்கவே கூடாது, தெரிஞ்சுச்சா?”

முத்துக்குமரன் நாடகம் பார்க்கிறவன் இல்லை. காசிமாயனும் இல்லை. ரெண்டு ஆம்பளைகளும் சேர்ந்து அந்தக் காரியத்தைச் செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு விளாங்குடியில் தெருநாய்கூடக் குரைக்கவில்லை. காசிமாயன் தன் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே அழகம்மாள், மீனா, அக்கம்பக்கத்துப் பொம்பளைகள் என்று ஒரு கூட்டம். கடைசிக் கால்மணி நேரம் வந்ததும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஆகா, மூலையில் அவர் படம். கூட்டம் முழுக்க டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தது. ஓட்டு விழுந்துவிட்டது என்றே நினைத்தார்.

டிவியில் ஆஸ்பத்திரி. தலையில் கட்டோடு சௌந்தரவல்லி படுத்திருக்கிறாள். கட்டிலைச் சுற்றி மொத்தக் குடும்பமும் நிற்கிறது. மூத்த மருமகள் மதுவந்தி, இளைய மருமகள் ஸ்யாமளா, மகன் ஸ்ரீகுமார், வீட்டை எழுதி வாங்கக் காத்திருக்கும் கொழுந்தன். ஒவ்வொரு முகமாகக் காட்டுகிறார்கள். மேளம் இடிக்கிறது. சௌந்தரவல்லி கண் திறக்கிறாள். “என்னைத் தள்ளிவிட்டது...” என்கிறாள். வளையல் போட்ட கை மேலே வருகிறது. சுட்டுவிரல் நீள்கிறது. அங்கேயும் இங்கேயும் போகிறது. மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. இடது மூலைக்கு வந்து நிற்கிறது. அங்கே யார் நின்றார்களோ அவர் நிற்கும் இடத்தில், வெள்ளைச்சட்டையும் கும்பிட்ட கையுமாகச் சிரித்துக்கொண்டு, உங்கள் வீட்டுப் பிள்ளை காசிமாயன்.

படம் அப்படியே உறைந்தது. சீசன் முடிந்தது.

கிளம்பியது பாருங்கள் ஒரு சத்தம், ஜல்லிக்கட்டில் வாடிவாசல் திறந்தால்கூட அந்தச் சத்தம் வராது. பாதி சிரிப்பு, பாதி வசவு. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அதுவரை தட்டித் தட்டித் திறக்காத கதவுகள்!

“யோவ் கேபிளு! மூஞ்சிய எடுய்யா!”

“எத்தனை மாசமாக் காத்துக் கெடந்தோம், இப்பிடி வந்து நின்னுட்டாரே!”

மூன்றாம் வீட்டுக்காரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அழகம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. வாசலுக்கு வந்து புருசனை ஏற இறங்கப் பார்த்தாள். “ஒரு கொலைகாரனோடயா இம்புட்டு நாளாக் குடும்பம் நடத்துனேன்?” என்றுவிட்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் இளசுகள் அதே காட்சியை அவர் படம் மறைக்காமல் போனில் பார்த்துவிட்டார்கள். மூலையில் மறைந்து நின்றது மதுவந்தி. இத்தனை மாசமாக வாயே திறக்காத மூத்த மருமகள்! ஆனால் யார் சொல்லி யார் கேட்பது? விளாங்குடியைப் பொறுத்தவரை தள்ளிவிட்டவர் காசிமாயன்தான். மறுநாள் டீக்கடைக்குப் போனார். “அண்ணே, ஜாமீன் கெடைச்சிருச்சா?” என்றான் எந்நேரமும் அந்தப் பெஞ்சிலேயே கிடக்கும் பேயாண்டி. மாஸ்டர் டீயை நீட்டிக்கொண்டே, “மாடிப்படிப் பக்கம் ஒதுங்கி உக்காராதீங்கப்பா” என்றார். காசிமாயன் டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தார்.

வீட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் முன்னால் மீனா தண்ணிச் சொம்பை வைத்தாள்.

“ஏத்தா மீனா, அந்தப் பிள்ள எதுக்குத்தான் தள்ளிவிட்டுச்சு?”

மீனா பின்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டாள். மாமியார் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து கதையைத் தொடங்கினாள். மதுவந்தியின் அப்பா சாகக் கிடந்தாராம். ஊரிலிருந்து போன் வந்ததாம். அன்றைக்குச் சின்ன மகனுக்கு நிச்சயதார்த்தம். காரியம் கெட்டுவிடும் என்று சௌந்தரவல்லி போனை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாளாம். மருமகள் வந்தவர்களுக்கெல்லாம் சிரித்துச் சிரித்துப் பந்தி பரிமாறியிருக்கிறாள். விருந்து முடிந்து எச்சில் இலையை எடுத்துப் போட்ட பிறகுதான் மாமியார்க்காரி, “உங்கப்பன் போயிட்டான்” என்றாளாம். இவள் போய்ச் சேர்ந்தபோது எரித்த இடத்தில் தண்ணீர் தெளித்திருந்ததாம்.

காசிமாயனுக்கு மீசை துடித்தது. “அடி சண்டாளி! அப்பன் மூஞ்சிய கடைசியாப் பாக்கவிடாத பொம்பள ஒரு பொம்பளயா? அப்புறம்?”

“அப்புறந்தான் மாமா படியில...”

“படியில தள்ளுனா பத்துமா?”

அன்று சாயங்காலம் ஓட்டுக் கேட்கப் போனபோது முதல் வீட்டிலேயே ஒரு கிழவி வாசலில் நின்று, “ஏப்பா, சௌந்தரவல்லியை ஏம்ப்பா தள்ளிவிட்ட?” என்றாள் கேலியாக.

காசிமாயன் மாலையைச் சரிசெய்துகொண்டார். “நான் தள்ளல ஆத்தா. மதுவந்தி தள்ளுச்சு. நானா இருந்தா மாடிப்படியில இல்ல, மொட்டைமாடியில இருந்து தள்ளியிருப்பேன். பெத்த அப்பன் சாவுக்குப் போகவிடாதவளுக்கு எதுக்கு ஆஸ்பத்திரியும் கட்டும்?”

கிழவி முகம் சுண்டிப் போனது. ஆனால் உள்ளே அடுப்படியில் ஒரு கரண்டி கீழே விழுந்தது. அந்த வீட்டு மருமகள் வந்து கதவோரம் நின்றாள். “மாமா, காப்பி குடிச்சிட்டுப் போங்க” என்றாள்.

செய்தி காற்றாய்ப் பறந்தது. அடுத்த தெருவில் மருமகள்கள் வாசலுக்கே வந்து காத்திருந்தார்கள். ‘மதுவந்தி மாமா வாராரு’ என்று பிள்ளைகள் கத்தின. காசிமாயன் வீட்டுக்கு வீடு நின்று சௌந்தரவல்லியைக் கிழித்துத் தொங்கவிட்டார். இப்போது அவருக்குக் கதை அத்துப்படி. மீனா தினமும் பாடம் நடத்தினாள், போனில் பழைய பாகங்களைப் போட்டுக் காட்டினாள். தேர்தல் வேலைக்கு நடுவில் மருமகளும் மாமனாரும் அடுப்படி மூலையில் நாடகம் பார்ப்பதை அழகம்மாள் கண்டும் காணாமல் போனாள். ரசத்தில் மட்டும் உப்பு இல்லை.

“நீங்களுமா இப்பிடிப் பேசுறது?” என்றாள் ஒருநாள் தாங்காமல். “அந்தம்மா என்ன செஞ்சுச்சு? நிச்சயத்தன்னைக்கு எழவுச் சேதி சொன்னா எடுத்த காரியம் உருப்படுமா? குடும்பத்தைக் காப்பாத்த நெனச்சது தப்பா?”

“தப்புத்தான்.”

“அப்ப மாமியாள்களெல்லாம் கெட்டவுகளா?”

“நான் எங்கடி அப்பிடிச் சொன்னேன்?”

“ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத்தான திரியிறீக!”

முத்திருளனும் அவரைத் தனியாக ஓரங்கட்டினான். “அண்ணே, மருமக நிக்கிற வீட்டுல மருமகளுக்குத் தக்கபடியும், மாமியா நிக்கிற வீட்டுல மாமியாளுக்குத் தக்கபடியும் ரெண்டு வார்த்தை மாத்திப் பேசுனா என்ன? தமிழ்ச்செல்வியப் பாருங்க, யாரு கேட்டாலும் ‘ரெண்டு பேருமே பாவந்தான்டி’ன்னு கண்ணைத் தொடச்சிக்கிருது.”

“எனக்கு நாக்கு ஒண்ணுதான்டா. மாடியில ஒண்ணு, தரையில ஒண்ணுன்னு பேசுறவன் இல்ல காசிமாயன்.”

அது நிஜந்தான். அந்த வாரம் முழுக்க அவர் வார்த்தையை மாற்றவே இல்லை. பிரச்சாரம் முடிந்த அன்று மருமகள்கள் கூட்டமாகச் சேர்ந்து அவருக்கு ஆரத்தி எடுத்தார்கள். வீட்டுக்கு ஒரு மருமகள் என்று வைத்தாலே போதும், கூட்டிப் பார்க்காமலே ஜெயிப்புத்தான். மாமியார்கள் சில பேர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டால் திருப்பிக்கொள்ளட்டும். வாசலுக்குப் போர்டு எழுதும் ஆளிடம், எழுத்து எம்புட்டு உயரம் இருக்க வேண்டும் என்றுகூடச் சொல்லிவைத்துவிட்டார்.

சனிக்கிழமை ஓட்டுப்பதிவு. பள்ளிக்கூடத்து வாசலில் போட்டிருந்த வெள்ளைக்கோட்டுக்கு வெளியே காசிமாயன் விடியற்காலையிலேயே கும்பிட்ட கையோடு நின்றார். முதலில் வந்தது மாமியார்கள். கண்டாங்கிச் சேலையும் வெற்றிலை வாயுமாக, ஒருத்தரை ஒருத்தர் கையைப் பிடித்துக்கொண்டு, படை திரண்ட மாதிரி வந்தார்கள். அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். பரவாயில்லை, மருமகள்கள் வேலையை முடித்துவிட்டு மெதுவாகத்தான் வருவார்கள் என்று நின்றார். வெயில் ஏறியது. ஒருத்தியும் வரவில்லை.

“முத்திருளா, பிள்ளைகளெல்லாம் எங்கடா?”

முத்திருளன் மெயின்ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினான்.

பஸ் ஸ்டாப்பில் தலை கொள்ளாத கூட்டம். அவருக்கு ஆரத்தி எடுத்த பிள்ளைகள் அத்தனை பேரும் பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவும் இடுப்பில் பிள்ளையும் கையில் பையுமாக நின்றார்கள். வாடிப்பட்டிக்கு ஒரு கூட்டம், சோழவந்தானுக்கு ஒரு கூட்டம், உசிலம்பட்டிக்குப் போக ஆரப்பாளையம் பஸ்சுக்கு ஒரு கூட்டம். காசிமாயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

“ஏய் பிள்ளைகளா! ஓட்டுப் போடாம எங்க கெளம்பிட்டீக?”

“ஓட்டுப் போடத்தான் மாமா போறோம்!” என்றாள் ஒருத்தி சந்தோசமாக. “எங்க ஓட்டெல்லாம் எங்க அப்பா ஊர்லயில்ல இருக்கு? இன்னைக்கு அங்கிட்டும் தேர்தல்தான். நீங்க எப்பிடியும் ஜெயிச்சிருவீக!”

கூட்டத்தில் மீனாவும் நின்றாள். கையில் துணிப்பை. பையில் அப்பாவுக்கு வாங்கிய மிச்சர் பொட்டலம் தலை நீட்டிக்கொண்டிருந்தது.

“ஏத்தா, நீயுமா? கல்யாணமாகி வந்து இத்தனை வருசமாச்சு, ஓட்ட இங்கிட்டு மாத்தியிருக்கலாம்ல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஆள் வச்சு மாத்தியிருப்பேனே!”

மீனா தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் பதில் சொன்னாள்.

“மாத்திட்டா அப்புறம் எதைச் சொல்லி மாமா எங்க வீட்டுக்குப் போறது? தீவாளிக்குக் கேட்டா, வர்றவுகளுக்கு யாரு பலகாரம் சுடுறதும்பாக அத்தை. பொங்கலுக்குக் கேட்டா குலசாமி கும்பிடணும்பீக நீங்க. கொடிக்கால்ல வெத்தலை கிள்ளுற நேரம், அப்பா ஒத்தையில கெடக்காரு, போயி ரெண்டு நாள் இருந்துட்டு வாரேன்னு போன மாசம் கேட்டேன். எலெக்சன் முடியட்டும்னீக. ஓட்டுப் போடப் போறேன்னு சொன்னா மட்டுந்தான் யாரும் வாயைத் தொறக்க மாட்டீக. கவர்மெண்டு காரியம்ல.”

சுற்றி நின்ற பிள்ளைகளும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எல்லோர் கதையும் அதுதான். ஒரு வாரமாக வீட்டுக்கு வீடு நின்று சௌந்தரவல்லியைக் கிழித்த காசிமாயன், மீனாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

சோழவந்தான் டவுன் பஸ் வந்தது. பொம்பளைகளுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் ஏற்கெனவே கூட்டம் தொங்கிக்கொண்டு வந்தது. டிரைவர் கூட்டத்தைப் பார்த்து நிறுத்தாமல் மெல்ல உருட்டினார். காசிமாயன் ரோட்டுக்கு நடுவே போய் ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

“நிப்பாட்டுய்யா! பொம்பளப்பிள்ளைக அப்பன் வீட்டுக்குப் போகுதுக, கண்ணு தெரியல?”

பஸ் நின்றது. “ஏறுங்கத்தா, ஏறுங்க. ஏய், உள்ள தள்ளி நில்லுங்கப்பா!” என்று ஒவ்வொரு பிள்ளையாக ஏற்றிவிட்டார். அவருடைய ஓட்டுகளை அவரே தூக்கி அடுக்கினார் என்று முத்திருளன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். கடைசியாக மீனாவின் பையை ஜன்னல் வழியாக நீட்டினார்.

“ரெண்டு நாள் இல்ல, ஒரு வாரம் இருந்துட்டு வா. உங்கத்தைகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

ஓட்டு எண்ணியபோது தமிழ்ச்செல்வி ஜெயித்தாள். மாமியார்கள் வெடி போட்டார்கள். அதில் அழகம்மாள் வாங்கிக் கொடுத்த சரமும் ஒன்று என்று பேச்சு. அவள் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. மறுநாள் டீக்கடையில் பேயாண்டி வாயைக் கிளறினான்.

“என்னண்ணே, இப்பிடித் தோத்துப் போயிட்டீகளே?”

காசிமாயன் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார்.

“யாருடா தோத்தது? என் ஓட்டுப் பூரா சோழவந்தான்லயும் வாடிப்பட்டியிலயும் விழுந்து கெடக்கு. வேணும்னா போயி எண்ணிப் பாத்துக்க.”